இடது கை சொன்னது

மரச்சாமான் கடையில் பீரோ, கட்டில் ஏற்றி இறக்குவது என் வீட்டுக்காரர் வேலை. அன்று மதியம் வேலையைப் பாதியில் விட்டு வந்தார். முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, துணியைக் கிழிப்பதுபோல வலி என்றார்.

"பீரோ தூக்கினதுல பிடிச்சிருக்கும். தைலம் தேய்ச்சு விடு."

முகம் வெளுத்திருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. தைலத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிரஷர் பார்க்கும் மெஷினை எடுத்தேன்.

"வந்துட்டாங்க டாக்டரம்மா" என்று இடது கையை நீட்டினார். கையை மேசைமேல் வைக்கச் சொல்லிப் பட்டையைச் சுற்றினேன். மேல் எண் நூற்றுப் பத்து. மாத்திரையை நினைத்தால் போடுகிற மனிதர். நூற்றைம்பதுக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை.

"பாத்தியா, உழைச்சா தானா இறங்கிடும்."

எனக்கு மனம் ஒப்பவில்லை. வலது கையில் கட்டினேன். நூற்று எழுபத்தெட்டு.

"உன் மெஷினுக்குத்தான் பிரஷர். பேட்டரியை மாத்து."

இரண்டு கைக்கும் ஐந்து, பத்து முன்னே பின்னே இருக்கலாம், அதிகம் போனால் சும்மா இருக்காதீர்கள் என்று பிரஷர் பார்க்கக் கற்றுக்கொடுத்த நர்ஸ் ஒருமுறை சொல்லியிருந்தார். மெஷின்மேல் பழியைப் போட எனக்கும் ஆசைதான். என் இரண்டு கையிலும் கட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே எண். மெஷினில் கோளாறு இல்லை.

மறுபடியும் அவருக்குப் பார்த்தேன், திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு. எண்கள் மாறவில்லை. அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். வலதில் நாடி விரலை முட்டியது. இடதில் தேட வேண்டியிருந்தது.

உள்ளறைக்குப் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வலியையும் இரண்டு எண்களையும் சொன்னதும் எதிர்முனையில் பேசிய பெண்ணின் குரல் மாறிவிட்டது.

"பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கலாம். அவரை நடக்க விடாதீங்க. எதையும் தூக்க விடாதீங்க. முதுகைத் தேய்க்காதீங்க. அசையாம படுக்க வைங்க."

கைத்தாங்கலாகப் பக்கத்திலிருந்த கட்டிலில் சாய்த்தேன்.

"ஆம்புலன்ஸா? தெருவே வேடிக்கை பாக்கும்."

"பாக்கட்டும்."

பிறகு, "திரும்பப் பாத்தியே, எவ்வளவு?" என்றார்.

"ரெண்டு கையும் ஒண்ணுதாங்க. மெஷின்தான் கோளாறு."

அவர் சிரிக்கவில்லை.

"அப்ப ஆம்புலன்ஸ் எதுக்கு?"

அவருடைய இடது கையை என் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சூடு ஏறவில்லை.