முப்பதாவது வரி

"முன்னாடி போய்ச் சேர்ந்தவங்க பேரைச் சொல்லு பிரோஷ்கா, எழுதிக்கிறேன்" என்று பாலிந்த் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

மாதா கோயிலில் பாடுகிறவர் அவர். நாளை காலை பத்து மணிக்கு, பெட்டியை மூடுவதற்கு முன், இறந்தவர் வாயால் பேசுகிற மாதிரி ஒவ்வொருவரிடமும் பேர் சொல்லி விடைபெற்றுப் பாடுவார். முதலில் இருக்கிறவர்கள், அப்புறம் போனவர்கள். ஹங்கேரியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் குடியேறிய இந்த டொலிடோ நகரத் தெருக்களில் ஒரு பேர் விட்டுப்போனால் போதும், மூன்று தலைமுறைக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள்.

"அம்மா. பொர்பாலா பாட்டி. தாத்தா. அப்புறம் வெரோன்கா."

"அது யாரு?"

அதுதான் பிரோஷ்காவுக்கும் தெரியவில்லை. நேற்று விடியற்காலையில் மூச்சு அடங்குமுன் அப்பா காஷ்பார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வெரோன்கா கையை விட்டுட்டேன். அவ பேரையும் பாடச் சொல்லு" என்றார். தொண்ணூற்று நாலு வயது மனுஷன் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

தம்பி தெஜோ அடுப்பின் மேலிருந்து முட்டைக்கோஸ் இலையில் மடித்த கறியை ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "ஊர்ல வாத்து வளத்தாங்களாம்ல, அதுல ஒண்ணு பேரா இருக்கும். எழுதுங்கண்ணே, வாத்துக்கும் ஒரு அடி பாடிடலாம்."

"வாயை மூடுடா. பிணம் வீட்ல பேசற பேச்சா இது?"

பாலிந்த் பென்சிலைக் காதில் செருகினார். "இங்க பாரும்மா. யாருன்னே தெரியாத ஆளை நான் செத்தவன் வாயில வைக்க மாட்டேன். இப்படித்தான் ஒரு வீட்ல கேட்ட பேரையெல்லாம் பாடினேன். கோயில்லயே செத்தவன் பொண்டாட்டி எழுந்து 'யாருய்யா அவ?'ன்னு கேட்டா. கடுதாசி இருந்தா காட்டு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கொண்டுவா."

அவர் போனதும் பிரோஷ்கா நடையில் மாட்டியிருந்த சட்டத்தின் முன் போய் நின்றாள். பொர்பாலா பாட்டி சின்னப் பிள்ளையான அப்பாவோடு வந்த கப்பலின் பயணிகள் பட்டியலில் ஒரு பக்கம். பதினைந்து வருஷத்துக்கு முன் அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டு வாங்கிய நகல். ஆசை ஆசையாகக் காட்டியபோது அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை அவள்.

இருபத்தொன்பதாவது வரி, பொர்பாலா, இருபத்தாறு வயது. முப்பதாவது வரி, காஷ்பார், நாலு வயது. அதற்குக் கீழே வரியே இல்லை, தாளின் விளிம்புதான். இத்தனை வருஷமாக அந்தச் சட்டத்தைத் தூசி தட்டியவள் இன்றுதான் அதைப் பார்த்தாள்.

"அடக் கடவுளே, பக்கம் முடிஞ்சிருக்குடா! ஆளுங்க முடியலை!"

"அக்கா, நாளைக்கு அடக்கம். நீ இப்ப எங்க கிளம்பற?"

"நூலகத்துக்கு. அடுப்பைப் பாத்துக்கோ. தின்னே தீர்த்துடாதே."

நூலகக் கணினியில் கப்பல் பேரையும் தேதியையும் கொடுத்து அதே பக்கத்தைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு தடவை திரை அணைந்து, மறுபடி முதலிலிருந்து தேடினாள். கண் எரிந்தது. விடுவதாக இல்லை. கடைசியில் அடுத்த படத்துக்கான அம்புக்குறியை அழுத்தினாள்.

முதல் வரி. வெரோன்கா, இரண்டு வயது. அதே குடும்பப் பேர், அதே ஊர், போய்ச் சேரும் இடம் தகப்பனிடம், டொலிடோ. பேரின் மேல் குறுக்கே வேறொரு கை எழுதியிருந்தது: தீவு ஆஸ்பத்திரியில் இறப்பு. கப்பல் வந்த ஆறாம் நாள் தேதி. கப்பலில் வருகிறவர்களில் நோயாளிகளைப் பிரித்து வைக்கும் துறைமுகத் தீவு அது.

தொண்ணூறு வருஷம் ஒருத்தரிடமும் சொல்லாமல் எப்படி இருந்தார் இந்த மனுஷன்? பிரோஷ்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே நகல் எடுக்கும் பொத்தானைத் தேடினாள்.

ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாலிந்த் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். எழுதி முடித்திருந்த கடைசி அடிகளை அடித்துவிட்டு, புதிதாக ஒரு தாளை எடுத்தார்.

மறுநாள் கோயிலில் எல்லாப் பேரும் முடிந்தபின் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"வெரோன்கா, என் தங்கச்சி, உன் கையை விட்டுட்டேன்னு இத்தனை நாள் அழுதேன். கையை நீட்டும்மா, அண்ணன் வந்துட்டேன்."

தெஜோ தலையைத் தூக்கவே இல்லை.

கசகசா ரொட்டியும் காப்பியும் கொடுத்து வந்தவர்களை அனுப்பிவிட்டு பிரோஷ்கா வீட்டுக்குள் நுழைந்தபோது நடையிலிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. தெஜோ கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல், பழைய சட்டத்தின் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கல்யாணப் படம் இருந்த சட்டத்தில் இப்போது அந்த நகல் இருந்தது.

"நடுவுல இடம் விடணுமாக்கா?"

அவள் வந்து சட்டத்தைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள்.

"வேண்டாம். ஒட்டியே மாட்டு."