பெயர் போடாத சாவி

பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் நான் அடுப்பில் வைத்ததில்லை. ஆட்டோக்காரர் சில்லறை இல்லை என்றால் என் கண் அவர் சட்டைப் பைக்குத்தான் போகும். இந்தக் குணத்துக்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் விடுவேனா? மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனியில், பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன்.

எங்கள் கணினிகளுக்குள் போக டோக்கன் வேண்டும். டோக்கன் என்றால் ஒரு நீண்ட எழுத்துச் சரம். சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் டோக்கன் எனக்கு அனுமதித்த இடத்தை மட்டும் திறக்கும், என் பெயரும் அதில் இருக்கும். சிஸ்டம் டோக்கன் எல்லாவற்றையும் திறக்கும். யார் பெயரும் இருக்காது. ஏபிஐ வழியாக, அதாவது மென்பொருளோடு நேரடியாகப் பேசும் வாசல் வழியாக, ஒரு கட்டளை அனுப்பினால் உருவாகிவிடும். அந்தக் கட்டளைக்கு வேண்டிய ரகசியம் மூன்று பேருக்குத்தான் தெரியும்: என் மேலாளர் சுந்தரமூர்த்தி சார், என்னோடு வேலை செய்யும் டிரேவர், நான்.

திங்கட்கிழமை காலை, யாரும் கேட்காத ஒரு சிஸ்டம் டோக்கன் பட்டியலில் இருந்தது. ஞாயிறு மதியம் உருவானது. அதை வைத்து யாரோ நோயாளிகளின் போன் நம்பர்களை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். 'உருவாக்கியவர்: சிஸ்டம்' என்றது திரை. சாமி குத்தம் என்று சொல்வது போல இருந்தது.

எனக்கு உடனே டிரேவர்மேல்தான் கண் போனது. வெள்ளிக்கிழமையோடு வேலையை விடுகிறான். ஒரு வாரமாகவே போன் வந்தால் மாடிப்படிக்கு ஓடுகிறான்.

சார் அறைக் கதவைச் சாத்தினார். "டிரேவர் தான் வீணா. போறப்போ சுருட்டிட்டுப் போற புத்தி. நீ ரிப்போர்ட் எழுதிடு. ரிலீவிங் லெட்டரை நிறுத்திட்டு போலீஸ்ல குடுத்துடலாம்."

"சரி சார்," என்றேன். என் மூக்கு தப்பாது என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

கேன்டீனில் டிரேவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "நேத்து மத்தியானம் எங்க இருந்த?"

"சர்ச் முடிஞ்சு வீட்ல. ஏன்?"

"கூட யாரு?"

"யாரும் இல்ல. அம்மாவும் தங்கச்சி சோஃபியாவும் புடவை எடுக்கப் போயிட்டாங்க. அவ கல்யாணம் இல்லையா, மண்டபக்காரன் போன் பண்ணியே உயிரை எடுக்கறான். புது வேலைய நம்பித்தான் தேதியே குறிச்சிருக்கோம்." சாம்பாரைக் கலக்கியபடி என்னைப் பார்த்தான். "போலீஸ் மாதிரி கேக்குறியே."

வீட்டில் தனியாக. நன்றாக மாட்டினான் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

ரிப்போர்ட்டைத் திறந்து, மேலே 'உ' போட்டேன். அது பரீட்சைத் தாளில் பழகிய கை. ஆபீஸில் இந்தப் பழக்கம் எனக்கும் சாருக்கும்தான். சார் லீவு மெயிலுக்கே பிள்ளையார் சுழி போடுவார். "பிள்ளையார் பெர்மிஷன் குடுத்தா தான் உங்க சர்வர் ஓடும்," என்று டிரேவர் கிண்டல் செய்வான்.

ரிப்போர்ட்டில் டோக்கனின் முழு விவரத்தையும் சேர்க்க வேண்டும். பட்டியலில் பாதிதான் தெரியும்; மீதியை ஏபிஐயிடமே கேட்டு வாங்க வேண்டும். கேட்டேன். வந்த பதிலில், உருவாக்கும்போது கட்டாயம் நிரப்ப வேண்டிய 'காரணம்' என்ற இடத்தில் இரண்டு வரி இருந்தது. கீழ் வரியில் 'backup test'. மேல் வரியில் 'உ'.

கள்ளச் சாவி செய்யும்போதுமா பிள்ளையார் சுழி?

டிரேவருக்குத் தமிழ் பேசத்தான் வரும். இந்த ஊர் பிரேசர் டவுனிலேயே வளர்ந்து, பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும் படித்தவன். ஒரு எழுத்து எழுத வராது. எங்கள் மெயிலிலிருந்து நகலெடுத்திருப்பானோ என்றும் சந்தேகப்பட்டேன், என் புத்தி அப்படி. ஆனால் எங்களை மாட்டிவிட நினைப்பவன், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் அதைப் போட மாட்டானே. நான் போடவில்லை. மிச்சம் ஒருவர். அந்தப் பையன் தலையில் கல்லைப் போட இருந்தேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

லேப்டாப்பை சார் முன்னால் திருப்பி வைத்தேன். திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"உட்காரும்மா. இந்த ஆபீஸ்ல உ போடறது யார் யாரு?"

"நீங்களும் நானும் சார்."

"நான் இல்லைன்னு நான் சொல்லுவேன். நான் இங்க ஆரம்பத்துலேர்ந்து இருக்கறவன். நீ போன வருஷம் வந்தவ. அப்புறம் யாரும்மா மிச்சம்?" லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். "சும்மா எதுக்கு வம்பு? டிரேவர் பேரையே எழுதிடு. அவன் எப்படியும் போறவன்."

என் இடத்துக்கு வந்தேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, ஊர் என்னைச் சந்தேகப்படப் போகிறது என்றதும் ரிப்போர்ட்டைத் திறந்து திறந்து மூடினேன். பயம்தான், வேறென்ன? எதிர் வரிசையில் டிரேவர் போனில் கன்னடத்தில் மண்டபக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். இந்த முறை மாடிப்படிக்கு ஓடவில்லை.

அதே ரிப்போர்ட்டில் கம்பெனி முதலாளி மமதா மேடத்தின் முகவரியைப் போட்டு எழுதினேன்: 'இதைச் செய்தது டிரேவர் அல்ல. மீதி இருப்பது சுந்தரமூர்த்தி சாரும் நானும். அவர் சொன்னதையும் கீழே எழுதியிருக்கிறேன். இருவரையும் விசாரியுங்கள்.'

அனுப்பும் முன் ஒருமுறை மேலே பார்த்தேன். நான் முதலில் போட்ட அந்த 'உ' அங்கேயே இருந்தது. அழிக்காமல் அனுப்பினேன்.