கோட்டக்குப்பம் போகிற ஃபியட்

திண்டிவனம் பாண்டுரங்கனின் ஃபியட் கார் 1982-ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஓட்டுபவர் இல்லாமல் தானாகக் கிளம்பிக் கோட்டக்குப்பத்துக்குப் போய் நின்றது. அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நல்ல விளைச்சல், அதனாலேயே விலை கிடையாது. கார் விடிவதற்குச் சற்று முன் புறப்படும். கிளியனூர் வழியாகப் போகும். எதிரே லாரி வந்தால் விளக்கைத் தாழ்த்தும். பள்ளிக்கூடம் வந்தால் வேகத்தைக் குறைக்கும், பிள்ளைகள் வருகிற நேரம் இல்லையென்றாலும். ஆடுகள் குறுக்கே வந்தால் கடைசி ஆடு கடந்து முடிக்கும்வரை ஹாரன்கூட அடிக்காமல் நிற்கும். முதல் மாதத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டியிருக்கிறார். கார் ஒழுங்காக ஓரங்கட்டி நின்றது. அவர் குனிந்து உள்ளே பார்த்தார். காகிதங்கள் சரியாக இருந்தன, ஆள்தான் இல்லை. யார் பேரில் வழக்கு எழுதுவது என்று புரியாமல் போகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை.

காரை வாங்கிய விதத்தில்தான் கோளாறு. பாண்டுரங்கன் வல்லம் பக்கத்து விவசாயக் குடும்பம். திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகும் வாழ்க்கையில் அவர் பேரம் பேசி வாங்கிய பெரிய பொருள்கள் எல்லாம் நான்கு காலில் நடந்தவைதான். கோட்டக்குப்பம் சிக்கந்தர் பாட்சா துபாய்க்குப் போவதற்காகத் தன் ஃபியட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். கடல் பச்சை நிறம். ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர். பாட்சா வெள்ளிக்கிழமை காலைகளில் தன் கையாலேயே அதைக் கழுவித் துடைத்து, தொழுகை முடிந்ததும் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கடலோரமாக ஒரு சுற்றுப் போய்வருவாராம். பேச்சு முடிந்து பாட்சா சாவியை நீட்டியபோது பாண்டுரங்கன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மாட்டை விற்கிறவர் கயிற்றைத் தருவதில்லை. வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிறு வாசல் தாண்டினால் விற்ற வீட்டு லட்சுமியும் கூடவே தாண்டிவிடுவாள். "பழைய சாவி உங்க வூட்லயே இருக்கட்டும் பாய், நான் புதுசு போட்டுக்கறேன்" என்றார். பாட்சா சிரித்தார். ஆனாலும் ஊரைவிட்டுப் போகிற நேரத்தில் அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. பக்கத்துப் பாண்டிச்சேரியிலிருந்து சாவி போடுகிறவர் வரவழைக்கப்பட்டு, வாசலிலேயே புதுச்சாவி ராவப்பட்டது. பழைய சாவியைப் பாட்சாவின் மனைவி ஆசியா பீவி உள்கூடத்து ஆணியில் மாட்டினாள். மறுவாரம் பாட்சா விமானம் ஏறினார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கார் கிளம்பியது.

அந்தக் காலத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் கார் சத்தத்திலேயே அடையாளம் தெரிந்து வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஊர்க்காரர்களும் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். எந்த பங்கில் பெட்ரோல் சுத்தம், யாருக்கு எத்தனை மைலேஜ், மழைக்காலத்தில் பிளக்கை எப்படிக் காயவைப்பது என்று பேச்சு போகும். வீட்டில் பேசாதவர்கள்கூட அங்கே வாய் ஓயாமல் பேசினார்கள். விழுப்புரத்தில் அரிசி ஆலை வைத்திருந்த தாண்டவராயன்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. ரயில்வேயில் வேலை பார்த்த சவுரிராயன் அவர் எதைச் சொன்னாலும் மறுப்பார். பாண்டுரங்கன் தன் பிரச்சினையைச் சொன்னதும் இருவருக்கும் தீபாவளிதான்.

"அலைன்மென்ட்டுதான். வண்டி கெழக்கால இழுக்குது" என்றார் தாண்டவராயன்.

"கெழக்கால இழுத்தா கடலுக்குல்ல போவணும்? வூட்டு வாசல்ல கரெக்டா எப்படி நிக்குது?" என்று கேட்டார் சவுரிராயன். "பாண்டியில பெட்ரோல் வெல கம்மி. அது தெரிஞ்சிதான் போவுது."

வைத்தியம் ஆரம்பித்தது. முதலில் கைபிரேக்கை இறுக்கினார்கள். பிறகு நான்கு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தார்கள். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டரையே கழற்றி, அது இல்லாமல் எந்த எஞ்சினிலும் பொறி வராது என்று சத்தியம் செய்து பாண்டுரங்கனிடம் கொடுத்தார்கள். அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். விடிந்து பார்த்தால் கார் இல்லை, தலையணைக்கு அடியில் ரோட்டர் சூடாக இருந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. ஆளில்லாமல் போகும்போது வண்டி கொடுத்த மைலேஜ் பாண்டுரங்கன் ஓட்டும்போது கொடுப்பதைவிட அதிகம். எடை குறைவு என்றார் தாண்டவராயன். பாண்டுரங்கன் கிளட்சிலிருந்து காலையே எடுப்பதில்லை, அதுதான் காரணம் என்றார் சவுரிராயன். அதன் பிறகு சில வாரங்கள் பேச்சு மைலேஜைச் சுற்றியே நடந்தது. பாண்டுரங்கனின் கஷ்டம் அனைவருக்கும் மறந்துபோனது.

உண்மையைச் சொன்னது அவர் மனைவி கோவிந்தம்மாள். "மாட்டுக்குக் கயிறு இல்லன்னாலும் மாடு மாடுதான். வண்டிக்கு உசுரே சாவிதானே? உசுர அங்க மாட்டிட்டு ஒடம்ப இங்க கட்டிக்கினா அது எங்க இருக்கும்?" என்றாள். பாண்டுரங்கனுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. ஆனால் விட்டுவந்த கயிற்றைத் திரும்பக் கேட்பது மாட்டுக்காரர்கள் செய்கிற காரியமில்லை. சந்தையில் தெரிந்தால் காறித் துப்புவார்கள். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பஸ்ஸைப் பிடித்துக் கோட்டக்குப்பம் போய், வாசலில் நிற்கிற காரை எடுத்துக்கொண்டு திரும்பினார். ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு அவர் தனியாகப் போவது அழகில்லை என்று கோவிந்தம்மாளும் கூடப் போனாள். போகும்போது வெறுங்கையோடு போக முடியுமா? வறுத்த மல்லாட்டை, கேப்பை மாவு என்று ஏதாவது மூட்டை கட்டிக்கொள்வாள். வெறும் வயிற்றோடு அனுப்ப ஆசியா பீவிக்கும் மனசு வராது. மீன் குழம்பு இருக்கும், சில வாரம் வட்டிலப்பம் இருக்கும். ஆசியா பீவி பாண்டுரங்கனை அண்ணே என்றும் கோவிந்தம்மாளை அக்கா என்றும் கூப்பிட ஆரம்பித்தாள். அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் காருக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுப் போனார்கள். பாண்டுரங்கன் வாரத்தில் ஆறு நாள் வைத்திருந்தும் அந்தக் கார் அந்த வாசலில் நிற்கும்போதுதான் அத்தனை அழகாக இருந்தது. அதை நினைத்து அவர் வெளியே சொல்லாமல் பொறாமைப்பட்டார்.

1984 பிறந்த பிறகு சிக்கந்தர் பாட்சாவிடமிருந்து தகவல் வருவது நின்றுபோனது. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். வேறு நாட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். ஆசியா பீவி யார் வந்தாலும் நின்று கேட்டுக்கொண்டாள், மற்ற நேரம் தைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் ஆவணியில் பாண்டுரங்கனின் மகள் பொன்னிக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. கார் வைத்திருக்கிற மனுஷன் பெண்ணை வேறு யாருடைய காரிலோ ஏற்றி அனுப்புவதா? கூட்டேரிப்பட்டுக் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் சொன்னது, தாண்டவராயனும் சவுரிராயனும் உட்பட. அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். வெட்கத்தை விட்டுவிட்டுச் சாவியைக் கேட்டு வாங்கு என்றார்கள். பாண்டுரங்கனுக்கும் வேறு ஆசை இல்லை. வண்டி ஏழு நாளும் தன்னுடையதாக இருக்க வேண்டும். மூன்று வருஷமாக அவர் விரும்பியது அது ஒன்றைத்தான்.

கேட்டுவிட்டார். ஆசியா பீவி மறுபேச்சில்லாமல் ஆணியிலிருந்து சாவியை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். "கொண்டுகினு போங்கண்ணே. பொண்ணு கல்யாணத்துல வண்டி இல்லன்னா நல்லாவா இருக்கும்" என்றாள். அவர் திரும்பியபோதுதான் மெதுவாகச் சொன்னாள். "வெள்ளிக்கெழம இந்த வண்டி சத்தம் கேக்குற வரைக்கும் அவரு எங்கயோ உசுரோட இருக்காருன்னு எனக்கு ஒரு தெம்பு. அது என் பைத்தியக்காரத்தனம். நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க."

பாண்டுரங்கன் காரில் ஏறிப் பழைய சாவியைப் போட்டுத் திருப்பினார். சோக்கைக்கூட இழுக்கவில்லை. அரைத் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் கையில் அதுவரை ஒரு நாளும் அது அப்படி ஓடியதில்லை. உதறல் இல்லை, இருமல் இல்லை, கியர் நெம்பு விரல் பட்டாலே விழுந்தது. அந்த நிமிஷத்தில் கார் அவருடையதாகிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோவிந்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்தாள். பிறகு பாண்டுரங்கன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, உள்ளே போய், தன் கையாலேயே சாவியை ஆணியில் மாட்டினார். "கல்யாணத்துக்கு வேற வண்டி பாத்துக்கறம்மா. நீயும் புள்ளைங்களும் மொத நாளே வந்துடுங்க" என்றார். பொன்னி தாண்டவராயனின் காரில்தான் புருஷன் வீட்டுக்குப் போனாள். உங்கள் வண்டி எங்கே என்று சம்பந்தி கேட்டார். வெள்ளிக்கிழமை அதுக்கு வேற ஜோலி இருக்கு என்று பாண்டுரங்கன் சொன்னார். சம்பந்தி அதைப் பெரிய மனுஷத் தோரணை என்று எடுத்துக்கொண்டு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வருஷங்கள் ஓடின. காரின் தரைத்தகடு ஒரு தடவை மாற்றப்பட்டது, எஞ்சின் ஒரு தடவை இறக்கி ஏற்றப்பட்டது. மாருதி வந்து, கூட்டேரிப்பட்டில் அதை வாங்கியவர்களும் வாங்காதவர்களும் தனித்தனி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்கள். 1988-ல் மல்லாட்டை பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஃபியட் கிளம்பிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை இல்லாத நாளில் அது போனதே கிடையாது. திருட்டு என்று நினைத்தார்கள். கூட்டத்தில் இருந்த அத்தனை காரும் தேடப் புறப்பட்டன. பாண்டுரங்கன் கோவிந்தம்மாளையும் கூட்டிக்கொண்டு தாண்டவராயனின் காரில் கோட்டக்குப்பம் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை. ஃபியட் இல்லாமல் அவர்கள் வேறு காரிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்த ஆசியா பீவி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வண்டி செங்கல்பட்டைத் தாண்டி மெட்ராஸ் பக்கம் இடது ஓரமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததாக லாரிக்காரர் ஒருவர் சொன்னது ராத்திரிதான் தெரிந்தது. அந்த ராத்திரி கோவிந்தம்மாள் ஆசியா பீவி வீட்டிலேயே தங்கினாள், பாண்டுரங்கன் திண்ணையில் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் கார் ஆசியா பீவியின் வாசலில் வந்து வழக்கமான இடத்தில் நின்றது. பின் சீட்டில் சிக்கந்தர் பாட்சா தூங்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு பை, அவ்வளவுதான். எங்கெங்கோ சுற்றி, யார் யார் காலையோ பிடித்து, வருகிறேன் என்று சொல்லி அனுப்பக்கூட வழியில்லாமல் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியிருக்கிறார். பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் போவது என்று விழித்துக்கொண்டு நின்றபோது தன்னுடைய கார் கதவைத் திறந்துகொண்டு நின்றதாம். மனைவிதான் எப்படியோ தெரிந்துகொண்டு, காரைத் திரும்ப வாங்கி, டிரைவர் போட்டு அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்து ஏறிப் படுத்துவிட்டார். திண்டிவனம் வந்து கண் விழித்து, ஒரு டீ குடிக்கலாம்பா என்று சொன்னபோதுதான் முன்னால் யாரும் இல்லை என்று தெரிந்ததாம். ஆனாலும் வண்டி டீக்கடையில் நின்றது என்றார். இதைக் கேட்ட பாண்டுரங்கன் அழுதார். அழுது முடித்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

பாண்டுரங்கன் அங்கேயே விட்டுவந்த காரை மறுநாளே பாட்சா ஓட்டிக்கொண்டு மனைவியோடு திண்டிவனம் வந்தார். பழைய சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். "இனிமே இது எங்க வூட்ல எதுக்கு மச்சான்? நான்தான் வந்துட்டேனே" என்றார். கேட்காமல் அவராகவே கொடுத்த கயிறு. அதனால் பாண்டுரங்கன் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பாண்டுரங்கனுக்கு வழக்கம்போல விடியுமுன்னே விழிப்பு வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். சத்தம் இல்லை. எழுந்துபோய்ப் பார்த்தார். கார் பனியில் நனைந்து, நிறுத்திய இடத்திலேயே நின்றது. ஆறு வருஷமாக வேண்டியிருந்தது நடந்துவிட்டது, ஆனால் அவருக்கு வீட்டில் யாரோ செத்துப்போனது மாதிரி இருந்தது. கதவைத் திறந்து உட்கார்ந்தார். "ஏம்பா, போவலியா?" என்று கேட்டார். கார் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. கோவிந்தம்மாள் தலை சீவி, மடியில் மல்லாட்டை மூட்டையோடு ஏறி உட்கார்ந்தாள். "ஜல்தி எடு. ஆசியா சோறு வடிச்சி வெச்சிக்கினு காத்துக்கினு இருக்கும்" என்றாள். அவர் சாவியைத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டேரிப்பட்டில் தாண்டவராயன் எல்லோர் முன்னாலும் கேட்டார். "இன்னா பாண்டுரங்கா, சாவிதான் வந்துடுச்சே, வண்டி நின்னுபோச்சா?"

"எங்கண்ணே நின்னுச்சு? இந்த வாரமும் போயிடுச்சு" என்றார் பாண்டுரங்கன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நெல் பார்க்கக் கிளியனூர் போயிருந்த தாண்டவராயன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாண்டுரங்கன் போனதையும், பக்கத்தில் கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்ததையும் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். அவர் டீயை ஆற்றிக் குடித்தார். "அது அப்படித்தான்பா. போய்ப் பழகிடுச்சுல்ல" என்றார். சவுரிராயன்கூட மறுக்கவில்லை.