இடம் பிடித்த கல்

மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்த ஐஸ் ஃபேக்டரியை 1994 மார்ச்சில் அடியோடு இடித்தார்கள். மறுநாள் காலை அது வழக்கம்போல் முப்பத்திரண்டு பார் ஐஸ் கொடுத்தது. கூரை இல்லை, மோட்டார் இல்லை, கரன்ட்டும் இல்லை. வெட்டவெளியில் வரிசையாகக் கிடந்த முப்பத்திரண்டு கற்களின் மேல் கல்லுக்கொன்றாக ஐஸ் உட்கார்ந்திருந்தது.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்கள் முந்தின நாள் சாயங்காலமே ஃபேக்டரிச் சுவரோரம் ஒரு கல்லைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போவார்கள். கல் இருந்தால் ஐஸ் உண்டு. முப்பது வருடமாக அதுதான் சட்டம். கம்பெனியை மூடியபோது முதலாளி கேட்டில் ஒட்டிய நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது. கல்லை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதன் பலனை அனுபவித்தவர், அங்கே பசுமைப் பூங்கா அமைக்க வந்த இன்ஜினியர் வேதாந்தம்.

கால்வாய் நாற்றத்தை அவர் பொறுத்துக்கொண்டார். பறக்கும் ரயில் தூண்களுக்காக வரைபடத்தை நான்கு தடவை மாற்றினார். புல்தான் வேர் பிடிக்கவில்லை, விடிந்தால் குளிரில் கருகிக் கிடந்தது. சித்திரை வெயிலில் புல் குளிரால் செத்தது என்று மேலிடத்துக்கு எந்த மடையனாவது எழுதுவானா? அவர் எழுதினார். குடித்துவிட்டு எழுதினீரா என்று விளக்கம் கேட்டு வந்தது. வேலி போட்டுப் பூட்டிப் பார்த்தார். எடுக்க ஆளில்லாத ஐஸ் உருகி, புதிதாகப் போட்ட நடைபாதையை அரித்துக்கொண்டு போனது.

"பூட்டு போட்டுட்டா ஐஸுக்கு இன்னா சார் தெரியும்?" என்றாள் ஜானு. மீன் விற்று, தனியாளாக இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறவள். "அந்த ஒரு பார் இல்லேன்னா பத்து மணிக்கே மீன் நாறிப்பூடும். அப்பால நான் இன்னாத்த விக்கிறது?"

"நாத்தம் போகணும்னுதாம்மா பார்க்கே கட்டறேன்!" என்று கத்தினார் வேதாந்தம்.

கற்களை லாரியில் ஏற்றி எங்காவது கொட்டச் சொன்னார். காண்ட்ராக்டர் முருகையனுக்கு லாரி பிடிக்கச் சோம்பல். முப்பத்தொரு கற்களைப் பூச்செடிகளைச் சுற்றிப் பதித்தான். எல்லாவற்றிலும் தட்டையான ஜானுவின் கல்லைத் திறப்பு விழாக் கல்வெட்டுக்கு அடியில் வைத்தான்.

விழா நாள் காலையில் முப்பத்தொரு பெண்கள் செடிகளுக்கு நடுவிலிருந்து ஐஸ் எடுத்துப் போனார்கள். ஜானு மட்டும் தன் கல்லைக் காணாமல் வெறுங்கூடையோடு நின்றாள். அப்போது மந்திரி பெயர் பொறித்த கல்வெட்டு மெல்ல மேலே எழும்பி, மல்லாந்து விழுந்தது. அது இருந்த இடத்தில் ஒரு பார் ஐஸ் நின்றது.

"அந்தக் கல்லை உடைச்சுத் தொலையும்!" என்றார் வேதாந்தம். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வாட்ச்மேன் அப்துல் சமத் கடப்பாரையைத் தூக்கவில்லை. "உடைச்சா கல்வெட்டு எது மேல சார் நிக்கும்? மந்திரி வர்றதுக்கு ஒரு மணி நேரம்தான் கீது."

வேதாந்தம் ஐஸைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், ஜானுவைப் பார்த்தார். "எடுத்துண்டு போய்த் தொலைம்மா. சீக்கிரம்."

பூங்காவின் பராமரிப்புக் குறிப்பில் ஏழாவது விதியாக அவர் எழுதிவைத்தார்: கல்வெட்டைத் தினமும் காலை ஆறு மணிக்கு இறக்கி, ஜானு வந்து போன பின் ஏற்ற வேண்டும். அவருக்குப் பின் வந்த மூன்று இன்ஜினியர்களும் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.