தட்டில் பிழைத்தவை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்கரியில் சவுரிராயன் மாவு பிசைந்துகொண்டிருந்தார். மகள் ஜெசிந்தா உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து சிரித்தார். மாதக்கணக்கில் அந்த முகத்தில் சிரிப்பே இல்லை. இப்போது அதைப் பார்த்ததும் அவள் வாசலருகிலேயே நின்றுவிட்டாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன்மா. நாளைக்கு ஆபரேசன் வேணாம்னு சொல்லிட்டேன்."

பயந்தபடியே ஆகிவிட்டது. தம்பி புகழேந்திக்கு முழங்காலில் எலும்புப் புற்று. காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். கட்டியின் ஒரு துணுக்கை ஜெசிந்தாவின் பேராசிரியை தனியாகச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். இன்று முடிவு வந்தது. "கட்டியில டெலோமரேஸ் இல்லப்பா" என்று போனில் சொன்னதுதான் தாமதம், மனுஷன் அடுத்த வார்த்தையைக் கேட்கவில்லை, வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவுமில்லை. விழுப்புரத்தில் பஸ் ஏறி, விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் கிடந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? விழுப்புரத்துக் கல்லூரி ஆய்வகத்தில் ஈஸ்ட்டோடு மல்லுக்கட்டுகிறவள், வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுத்தான். செல் பிரியப் பிரிய குரோமோசோமின் நுனி தேயும், ஓரம் அடிக்காத துணி மாதிரி. அந்த நுனியை நீட்டிக்கொடுப்பது டெலோமரேஸ் என்ற நொதி. அதை எடுத்துவிட்டால், வளர்க்கிற கண்ணாடித் தட்டுகளில் ஈஸ்ட் தட்டுத் தட்டாகச் செத்துப்போகும். இவ்வளவுதான் அவள் சொன்னது. மீதிக் கதை அவள் தட்டிலேயே இன்று காலையில்தான் வந்தது. செத்துப்போன பரப்பில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் கொழுகொழுவென்று எழும்பியிருந்தன. இப்படித் தப்பிப் பிழைக்கும் ஈஸ்ட்டுக்காகத்தான் அவள் ஆய்வே காத்திருந்தது. சந்தோஷம் தாங்காமல் அப்பாவைத்தான் முதலில் கூப்பிட்டாள். அவரும் மகளின் படிப்பு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

"அது இல்லன்னா தானா செத்துடும்னு நீதானே சொல்லிக்கினு இருந்தே? அப்புறம் எதுக்குப் புள்ளயோட காலை வெட்டணும்?"

"எல்லாம் சாவாதுப்பா." அவள் மாவுப் பலகைக்கு அருகில் வந்தாள். "ஒண்ணு ரெண்டு தப்பிச்சிக்கும். ஒரு குரோமோசோமோட நுனியைப் பார்த்து இன்னொண்ணு காப்பி அடிச்சு, தன் நுனியை நீட்டிக்கும். டெலோமரேஸே தேவையில்ல. அப்புறம் பெருகிக்கினே போகும். புகழு கால்ல இருக்கறதும் அப்படித்தான்பா. நாம காத்துக்கினு இருந்தா நுரையீரலுக்குப் போயிடும்."

சவுரிராயனின் கை மாவுக்குள்ளேயே நின்றது. அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வந்தும் அவர் திரும்பவில்லை.

"காலைல போன் பண்ணி, பொழைச்சிருச்சுப்பான்னு சிரிச்சியே. அதுவா இது?"

அந்தப் புள்ளிகளுக்காக எத்தனை நாள் வேண்டிக்கொண்டிருப்பாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"அதே வழிதான்பா."

அவர் மாவிலிருந்து கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட நீ பேசு. நாளைக்கு வர்றோம்னு சொல்லு."

"சரிப்பா. நானும் வீட்டுக்கு வர்றேன்."

"வேணாம். நீ இங்கியே இரு. உன் கால் தப்பிச்சுதுடான்னு அவன்கிட்ட மத்தியானமே சொல்லிட்டேன். அழுதுட்டான்மா. நான்தானே சொன்னேன், நானே போய்ச் சொல்றேன்."

மாவு ஒட்டிய கையோடு அவர் படியிறங்கி வீட்டுப் பக்கம் நடந்தார்.