உப்புக்காரிக்கு வாள் கொடுத்த கம்பெனி

2016 ஆகஸ்ட் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, புதுச்சேரி நகரத்தில் இருந்த ‘ஏழுகடல்’ விளையாட்டுக் கார்டுகள் அத்தனையும் நீல ஓரத்தை விட்டுக் கறுப்பு ஓரத்துக்கு மாறின. பெங்களூரில் இருக்கும் கம்பெனி கார்டுகளின் புது வடிவத்தை அறிவித்த அதே நிமிடம். கடையில் தொங்கியதும் மாறியது, பீரோவில் பூட்டி வைத்ததும் மாறியது. மற்ற ஊர்களில் பழையது பழையதாகவே இருந்தது. அடுத்த மாற்றத்துக்குள் கடலூரில் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைத்த கெட்டிக்காரர்களும் உண்டு. திரும்ப எடுத்து வரும்போது புதுச்சேரி எல்லையில் கன்னியக்கோயில் தாண்டியதும் பைக்குள்ளேயே மாறிவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு நாள் பேசினார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

ஏழுகடல் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. ஆளுக்கு நாற்பது கார்டு, இருபது உயிர், எது முதலில் தீர்ந்தாலும் தோல்வி. ஒவ்வொரு கார்டிலும் ஒரு ஆளோ மிருகமோ இருக்கும், அதன் கீழே அது செய்யக்கூடிய காரியம் எழுதியிருக்கும். பாக்கெட்டைப் பிரித்தால்தான் உள்ளே யார் என்று தெரியும். திமிங்கலம் வந்தால் பிள்ளைகள் குதிப்பார்கள், உப்புக்காரி வந்தால் தெருவில் போட்டுவிட்டுப் போவார்கள். குட்டையான, முகமெல்லாம் சுருக்கம் விழுந்த பொம்பளை, தலையில் கூடை. ‘ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிடி உப்பு தருவாள்’, அவ்வளவுதான் எழுதியிருக்கும். ஒரு பிடி என்றால் ஒரு உயிர்.

நெல்லித்தோப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜோவிதா அப்படித் தெருவில் கிடந்த நான்கு உப்புக்காரிகளைப் பொறுக்கி எடுத்துத்தான் ஆட ஆரம்பித்தாள். யாரையும் அடிக்க மாட்டாள். வாங்கின அடிக்கெல்லாம் உப்பு வைத்து, எதிராளி கையில் இருப்பது தீரும்வரை உட்கார்ந்திருப்பாள். “அக்கா ஆட்டமா, டீ குடிச்சுட்டு வந்துடலாம்” என்று பையன்கள் கேலி பேசினாலும், தோற்று எழுந்தவர்கள் அவர்கள்தான். சாரம் பகுதியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் வருஷா வருஷம் நடக்கும் போட்டியில் ஒரு தடவையாவது கப்பைத் தூக்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வேறு பெரிய ஆசை ஒன்றும் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கார்டுகள் கறுப்பாவதற்கு முந்தின மாதம் அவள் புருஷன் லூர்துபிரகாஷ் ஒரு காரியம் செய்தான். மூலக்குளத்தில் லேத் பட்டறை வேலைக்குப் போகிறவன், ஒரு நாள் லீவில் கடையைப் பார்த்துக்கொண்டான். நம் ஊரில் காகிதம் என்று ஒன்று கையில் கிடைத்தால் லேமினேட் பண்ணாமல் யார் விட்டார்கள்? ஆதார் கார்டுகளோடு சேர்த்து மேஜையில் கிடந்த ஓர் உப்புக்காரியையும் மெஷினுக்குள் விட்டுவிட்டான். “நனையாம இருக்கட்டுமேன்னு போட்டேன் ஜோவி” என்றான். பிளாஸ்டிக் போட்ட கார்டைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். மூன்று நாள் அவனோடு அவள் பேசவில்லை. கார்டு டிராயருக்குள் அடியில் போனது. வேறொன்றைத் தேடிப் பிடித்து நான்காக்கிக்கொண்டாள்.

அதன்பிறகு கம்பெனிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 2018-ல் ‘ஒரு பிடி’ என்பது ‘ஒரு சிட்டிகை’ ஆனது. இரண்டு சிட்டிகைக்குத்தான் ஓர் உயிர் என்றார்கள். ஜோவிதா கடைசி ஆட்டத்தில் ஓர் உயிரில் தோற்றாள். 2021-ல் கூடை போனது, முகச் சுருக்கம் போனது. அப்போதும் கடைசி ஆட்டம்வரை வந்து தோற்றாள். 2023-ல் உப்புக்காரிக்குப் பதினெட்டு வயது ஆகி, கையில் வாள் வந்து, உடம்பெல்லாம் மினுமினுப்பு ஏறியது. ‘எதிரியை வெட்டுவாள்.’ உப்பு என்ற பேச்சே இல்லை. ஆடுகிறவர்களைக் காட்டிலும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்களாம், அதனால் இனி அழகுதான் முக்கியமாம். ஜோவிதா பதினொரு மெயில் போட்டாள். ‘உங்கள் அன்புக்கு நன்றி’ என்று பதினொரு பதில் வந்தது. “அன்பாம்ல அன்பு! வயித்தெரிச்சல்டா பாவிங்களா” என்று அவள் கத்தியது எதிர் மளிகைக்கடைவரை கேட்டது.

2025 ஜனவரியில் ஸ்டேப்ளர் பின் தேடப்போய் டிராயரில் அந்த லேமினேட் கார்டு அவள் கையில் பட்டது. நீல ஓரம், சுருக்கம், கூடை, ஒரு பிடி. எதுவும் மாறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மற்ற முப்பத்தொன்பதோடு அதையும் சாரத்துப் போட்டிக்கு எடுத்துப் போனாள்.

நடுவர் வெற்றிவேல் கணக்கு வாத்தியார். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது செல்லாதும்மா, கலைக்கும்போது தனியாத் தெரியும்” என்றார்.

“மாறிக்கிட்டே இருக்கிறது செல்லும், மாறாதது செல்லாதா? நல்லா இருக்கு சார் உங்க நியாயம்.”

அந்த ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவன் இனியவன், காலேஜ் பையன். “எனக்கு ஒண்ணும் இல்ல சார், அக்கா ஆடட்டும்” என்றான். வெற்றிவேல் விட்டுவிட்டார்.

ஒன்றே கால் மணி நேரம் ஆடினார்கள். அவன் வெட்ட வெட்ட அவள் பிடி பிடியாக உப்பு வைத்தாள். அவன் சீட்டுக்கட்டில் மிச்சம் ஒரே ஒரு கார்டு. அது தீர்ந்தால் கப் அவளுக்கு. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவன் அதை எடுத்துத் திருப்பினான். வெள்ளையாக இருந்தது. அவள் கையில் இருந்ததும் வெள்ளை, மாடியில் இருந்த எல்லார் பெட்டியிலும் வெள்ளை. இனிமேல் ஏழுகடல் போனில் மட்டும்தான் என்று கம்பெனி அந்த நிமிடம் அறிவித்திருந்தது. வெற்றிவேல் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், அதுவும் வெள்ளை. மேஜை நடுவில் உப்புக்காரி மட்டும் கூடையோடு நின்றாள். “முடிவில்லைன்னு எழுதிக்கிறேம்மா” என்று சொல்லி அவர் கப்பைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தார்.

ஜோவிதா மேஜையை ஓங்கிக் குத்தினாள். பிறகு எல்லார் முன்னாலும் அழுதாள். கூட்டிப்போக வந்த லூர்துபிரகாஷ் வண்டியை ஸ்டாண்ட் போடாமலே நின்று விஷயத்தைக் கேட்டான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

“அன்னிக்கு நாலையும் போட்டிருக்கணும்” என்றான்.

அவன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து கார்டை அடுப்பு மேடையில் எறிந்தாள். காலையில் டீ போட வந்தபோது அதன் பக்கத்தில் ஒரு பிடி கல்லுப்பு இருந்தது. சிட்டிகை இல்லை, முழுப் பிடி. நாக்கில் வைத்துப் பார்த்தாள், பிறகு உலை நீரில் போட்டாள். மறுநாளும் இருந்தது. இப்போது அந்த வீட்டில் உப்பு வாங்குவதில்லை, ஊறுகாய் போடுகிற நாளில் மட்டும் அரைப் பாக்கெட் கூடுதலாகத் தேவைப்படுகிறது.