பெயர் ஒட்டாத பாத்திரம்

என் மனைவி டல்சியை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டுக்குச் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊர் வழக்கம் அது. சாவு வீட்டு வாசலில் ஸ்டூவோ லசான்யாவோ வைத்துவிட்டு, "என்ன வேணும்னாலும் கேளு மெர்வ்" என்று சொல்லிப் போவார்கள். நான் என்னத்தைக் கேட்பது? பாத்திரத்தின் அடியில் அவரவர் பெயர் ஒட்டியிருக்கும். கழுவித் திருப்பித் தர வேண்டுமே! எல்லாவற்றையும் ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பசி இல்லை, அழுகையும் இல்லை. மனசு மரத்துப் போயிருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கிளாரி வந்தான். ஓசி வாங்குவதை ஆஸ்திரேலியாவில் நாங்கள் 'பிளட்ஜ்' பண்ணுவது என்போம். கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டும். பிளட்ஜ் பண்ணினால் அந்தப் பேச்சே கிடையாது. வேறு யாரையாவது பிளட்ஜர் என்று சொன்னால் அடிதடிதான். கிளாரி மட்டும் சிரிப்பான். சிகரெட், சர்க்கரை, புல்வெட்டும் மெஷின் என்று எது கேட்டாலும் டல்சி கொடுப்பாள். நான் யாரிடமும் ஒரு தீக்குச்சிகூடக் கேட்டதில்லை. அதில் எனக்கு அவ்வளவு கர்வம்.

"மெர்வ், சாப்பிட ஏதாவது இருக்காப்பா?"

"ஏன்டா, சாவு வீட்லயுமா ஓசி?"

"இங்கதானேப்பா குவிஞ்சு கிடக்கு!"

தொலையட்டும் என்று ஃப்ரீசரைத் திறந்தேன். பெயர் ஒட்டிய பாத்திரத்தைக் கொடுத்தால் திரும்பி வராது, எனக்குத்தான் அவமானம். தேடித் தேடி, அடியில் கிடந்த பெயரில்லாத ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாசனை வந்தது. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, மூக்கில் ஏறும் மிளகு. அப்படி மிளகை அள்ளிக் கொட்டுகிறவள் ஊரில் ஒருத்திதான். அடப்பாவி! தன் வீட்டுப் பாத்திரத்துக்கு யாராவது பெயர் ஒட்டுவார்களா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே டல்சி சொன்னாள், "அடியில ஸ்டூ வச்சிருக்கேன், நான் வர்ற வரைக்கும் பட்டினி கிடக்காத" என்று. அவள் கையால் சமைத்ததில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கிளாரி முள்கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்தான். அவனுக்குப் பின்னால் மேஜைமேல் பாத்திரம். பாதி காலி.

"என்னப்பா, என்ன வேணும்?"

கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

"எனக்கு... எனக்குக் கொஞ்சம் ஓசியில கிடைக்குமாடா?"

கிளாரி வாயைப் பிளந்தான். "நீயா? நாப்பது வருஷத்துல நீ ஒண்ணு கேட்டு நான் பாத்ததே இல்ல."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, மிச்சத்தையெல்லாம் என் தட்டில் வழித்துப் போட்டான். முதல் வாயிலேயே மிளகு சுரீரென்று ஏறியது. எத்தனை முறை அவளை அதற்காகத் திட்டியிருக்கிறேன்! கண்ணில் நீர் முட்டியது.

"காரமாப்பா? தண்ணி தரவா?"

"காரமில்லடா. டல்சி" என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவன் வீட்டு மேஜையில் தலையைச் சாய்த்து அழுதேன்.